இனிப்பைக் குறைக்கச் சொன்னால் சாப்பாட்டையே குறைக்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

60 வயதைத் தாண்டிய பெண்களின் சாப்பாடு, உடல்நலம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி மகள்களும் மருமகள்களும் எழுதியவை. அந்த அம்மாக்கள் தாங்களே எழுதியது குறைவுதான், எழுதிய சிலரும் "என்னைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) பற்றிய பயம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், மூத்தவர்களுக்கென்றே நடந்த ஆய்வு சொன்னதை எத்தனை பேர் கவனித்தோம்? 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினர் ஊட்டச்சத்து இல்லாமல் நலிந்தவர்கள், இன்னும் 23.5 விழுக்காட்டினர் அந்த நிலைக்குப் போகும் ஆபத்தில் இருப்பவர்கள். பத்துப் பேரில் மூவர். இந்த மாதக் கேள்விகளில் பாதி அந்த மூவரைப் பற்றியவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். மாத்திரையை நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து வருடமாக இனிப்பு நீர். இப்போது சர்க்கரை அளவு நன்றாக இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். ஆனால் ஒரு வருடத்தில் 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்துவிட்டார், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. காலையில் தேநீரும் நான்கு பிஸ்கட்டும், மதியம் சோறு, ரசம், ஒரு கீரை, இரவில் இரண்டு தோசை. கொலஸ்ட்ரால் பயத்தில் முட்டையை நிறுத்திவிட்டார், மீனும் வேண்டாம் என்கிறார். எடை குறைந்தது நல்லதுதானே என்று அண்ணன் சொல்கிறார். சரியா? (செந்தூல் வாசகி)

பதில்: சரியில்லை சகோதரி. அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நாற்பது வயதில் 7 கிலோ குறைந்தால் பாராட்டலாம். 71 வயதில், குறைக்க வேண்டும் என்று முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் எடையில் எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் அதில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் சேர்ந்து போயிருக்கிறது. இந்த வயதில் 5 விழுக்காடு தானாகக் குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. உங்கள் அம்மா அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழந்திருக்கிறார்.

அதனால் முதலில் கிளினிக். "சர்க்கரை எப்படி" என்று கேட்க அல்ல, "எடை ஏன் இறங்குகிறது" என்று கேட்க. தைராய்டு, காசநோய், வயிற்றில் அல்லது குடலில் ஏதாவது கட்டி, மனச்சோர்வு, பல் இல்லாமை, பசியை அடக்கும் மருந்து என்று தேட வேண்டியவை நிறைய உண்டு, அவர்கள் தேடுவார்கள். அப்போதே இன்னொன்றும் கேளுங்கள்: இவ்வளவு மெலிந்த பிறகும் பழைய அளவிலேயே மாத்திரை தேவையா? வயதான, பலவீனமான நோயாளிக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.5 விழுக்காடு என்ற கண்டிப்பான இலக்கு வேண்டியதில்லை, அதை எட்டுக்குப் பக்கம் வரை தளர்த்திக்கொள்வது மருத்துவர்களின் வழக்கம்தான். குறைந்த சாப்பாடும் பழைய டோஸும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், குளியலறையில் விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். அளவு "நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வரியில் இதெல்லாம் மறைந்து போகிறது.

இப்போது தட்டுக்கு வருவோம். இளையவர்களைவிட மூத்தவர்களுக்குப் புரதம் அதிகம் தேவை, குறைவு அல்ல. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது இப்போதைய பொதுவான பரிந்துரை. அம்மாவுக்கு அது 51 முதல் 61 கிராம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், 25 கிராம் தேறினால் அதிகம். பாதி கூட இல்லை. இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், சர்க்கரையை ஏற்றும் பொருள்கள் எல்லாம் அந்தத் தட்டில் அப்படியே இருக்கின்றன, ஏற்றாதவைதான் வெளியே போயிருக்கின்றன. சீனி போடாத கிரீம் கிராக்கர் மூன்று சாப்பிட்டால் ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்ட கணக்கு. பிஸ்கட்டை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். முட்டையில் மாவுச்சத்து ஏறக்குறைய கிடையாது. மீனிலும் இல்லை. நிறுத்தப்பட்டது அவை இரண்டும்!

கொலஸ்ட்ரால் பயத்துக்கு ஒரு வார்த்தை. நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுவது கெட்டிக் கொழுப்புகள்: நெய், தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றிய குழம்பு, பொரித்த பலகாரம், ஆட்டுக்கொழுப்பு. இதய நோய் இருப்பவர்கள் முட்டை எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். அதற்காக மொத்தமாகத் தள்ளிவைக்க வேண்டாம்.

நான் அம்மாவுக்குச் சொல்வது இதுதான். காலையில் அவித்த முட்டை ஒன்று, ஒரு துண்டு ரொட்டி, பால் ஊற்றிய தேநீர். பால் என்றால் பால். கடையில் டின்னில் வாங்கும் இனிப்பு கிரீமரில் பெரும்பகுதி சீனியும் செம்பனை எண்ணெயும்தான், ஒரு மேசைக்கரண்டியில் பத்து கிராமுக்கு மேல் சீனி போகும், புரதம் சொல்லும்படி இருக்காது. பால் மாவு, புது பால், இனிப்பில்லாத சோயா பால், எது கட்டுபடியாகிறதோ அது. மதியம் சோறு ஒரு சின்னக் கிண்ணம், ஒரு கெம்போங் மீன், கெட்டியாக வைத்த பருப்பு, கீரை. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம், பல் இல்லையென்றால் மசித்தது. இரவில் அதே இரண்டு தோசைதான், ஆனால் சட்னியோடு விடாமல் சாம்பாரும் ஒரு துண்டு தவ்ஹூவோ தெம்பேயோ (இரண்டும் சோயாவில் செய்தவை) கூட. இதில் 55 கிராம் வந்துவிடும். சோறு குறைந்திருக்கிறது, சாப்பாடு கூடியிருக்கிறது. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்கிறதே, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காயும் பழமும், அதுவும் இதையேதான் கேட்கிறது.

சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. ரத்தப் பரிசோதனையில் அப்படி ஏதும் சொல்லியிருந்தால் புரதத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள், உணவியல் அதிகாரியைப் பார்க்க எழுதிக் கொடுக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே இரண்டு சோதனை. தையல் டேப்பை எடுத்து அம்மாவின் கெண்டைக்காலில் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள், 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு உண்டு (கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்). அப்புறம், கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால்பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். இவை ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகள். எண்ணை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள், "கொஞ்சம் பலவீனமா இருக்காங்க" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: மாமியாருக்கு 69. ஏழு பேருக்கு அவர்தான் சமைக்கிறார், வேண்டாமென்றாலும் கேட்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, மூன்று மணிக்கு மேல் மிச்சமிருக்கும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார். மீன் தலையும் வாலும்தான் அவர் தட்டில். மாத்திரையை மட்டும் பன்னிரண்டு மணிக்கே போட்டுவிடுகிறார். எப்படிச் சொல்வது? (ஜாலான் ஈப்போ வாசகி)

பதில்: சொல்லாதீர்கள், செய்யுங்கள். சொல்லி மாறும் வயதும் வழக்கமும் இல்லை இது. உங்கள் மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், விடியுமுன் எழுந்து வீட்டு வேலையும் பால்மர வேலையும் பார்த்த பெண்கள் நடுவில் வளர்ந்திருப்பார். ஆண்களுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து, தனக்கு மிச்சம். தோட்டம் போய், செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் அடுக்குமாடி வந்து, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி நிறைய மீன் இருந்தும் அந்த வரிசை மட்டும் மாறவில்லை. அதை அன்பு என்று நாம் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம், அவருடைய எலும்பும் தசையும் அந்தப் பாராட்டில் வளர்வதில்லை.

குழம்பு இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், நடுத்துண்டு ஒன்றை எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள், அவருடைய அம்மா. சனி, ஞாயிறுகளில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது என்று வையுங்கள், தோசை சூடாக வர வேண்டும் என்று அவர் எழுந்து ஓடினால் அன்றைக்குத் தோசை வேண்டாம், எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிடும் சாப்பாடு போதும். பேரப்பிள்ளையைப் பாட்டி பக்கத்தில் உட்கார வைத்தால் அவர் எழுந்திருப்பது குறையும், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டால் "ஆச்சும்மா" என்றுதான் பதில் வரும். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள்.

அவசரமான விஷயம் அந்தப் பன்னிரண்டு மணி மாத்திரை. அது சர்க்கரை மாத்திரையாக இருந்தால், அதிலும் கிளிக்கிளசைட் மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகையாக இருந்தால், போட்டுவிட்டு மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் அடுப்படியில் நிற்பது ஆபத்து. வியர்த்துக்கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999ஐ அழையுங்கள். மாத்திரை டப்பாவைத் தட்டு அடுக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள், தட்டை எடுக்கும்போதுதான் மாத்திரையும் கைக்கு வரும்.

கேள்வி: என் மனைவி சுத்த சைவம், பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். உள்ளங்கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்கிறார். சமீபமாக மறதியும். இனிப்பு நீரால் நரம்பு கெட்டுவிட்டதா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: இருக்கலாம். ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் பி12 வைட்டமினை ரத்தத்தில் பார்த்தார்களா என்று கேளுங்கள் ஐயா. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பல வருடம் சாப்பிடும்போது குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாகத்தான். சைவமும் நீண்டகால மெட்ஃபார்மினும் சேர்ந்தால் குறைபாட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்துவிடுகிறது. வயிற்றெரிச்சலுக்கு ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரையும் தினம் போடுகிறவராக இருந்தால் மூன்றாவது காரணமும் ஆயிற்று. கால் எரிச்சல், மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி, சோகை எல்லாமே பி12 குறைவால் வரும், இனிப்பு நீர் நரம்புக் கோளாறு போலவே தெரியும். குறைபாடு என்று தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ கொடுத்துச் சரி செய்யலாம், தாமதித்தால் நரம்புச் சேதம் தங்கிவிடக்கூடும். அதனால்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பாலும் தயிரும் தினம் சேர்க்கட்டும். தெம்பேயிலும் கடல்பாசியிலும் பி12 இருக்கிறது என்று வாட்சாப்பில் வரும், அவற்றை நம்பி இருக்க முடியாது.

கேள்வி: எனக்கு 68 வயது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும். பிபிஆர் என்னும் அரசு மலிவு அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் தனியாக இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்க மனமே வரவில்லை. மெகி மீ, இல்லாவிட்டால் சோறும் ஊறுகாயும். கையில் பணமும் அளவுதான். என்னைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது.

பதில்: அம்மா, உங்களைப் பற்றிப் பெரிதாகத்தான் இருக்கிறது. இந்த மாதக் கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான்.

முதலில் அந்த மூச்சு வாங்கல். அது புதிதாக வந்திருந்தால், அல்லது நெஞ்சில் கனம், கால் வீக்கம் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். இதயமாக இருக்கலாம், சோகையாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாக வருவதில்லை, மூச்சுத் திணறலும் களைப்புமாகவே வந்துவிடும். எஸ்டிஆர் என்னும் குறைந்த வருமானத்தாருக்கான அரசு உதவித்தொகை உங்களுக்கு வருகிறது என்றால் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2019இல் வந்த திட்டம் அது. உங்கள் பகுதியில் அதில் சேர்ந்த தனியார் கிளினிக்கும் இருக்கும்.

சமையலுக்கு மனம் வராத நாளுக்கென்று ஒரு சமையல் வைத்துக்கொள்ளுங்கள். மெகி மீயைச் சாப்பிட்டே ஆக வேண்டிய நாள் என்றால் மசாலாப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள், உப்பு பெரும்பாலும் அதில்தான், நாளுக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி உப்புதான் நம் உடம்புக்குக் கணக்கு. ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள், ஒரு கைப்பிடி சாவி கீரையை (கடுகுக் கீரை வகை) கிள்ளிப் போடுங்கள், தவ்ஹூ இருந்தால் அதையும். ஐந்து நிமிடம்தான் கூடும். வாரத்தில் ஒரு நாள், உடம்பு நன்றாக இருக்கும் நாளில், பருப்பை முருங்கைக்கீரையோ பரங்கிக்காயோ போட்டுக் கெட்டியாக வேக வைத்து நான்கு சின்ன டப்பாவில் பிரித்து உறைய வையுங்கள். டின் சார்டின் இரண்டு மூன்று எப்போதும் இருக்கட்டும், முள்ளோடு மசித்துச் சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். அதன் சாறு உப்பு, அதைக் கொஞ்சம் வடித்துவிட்டு வெங்காயம், தக்காளி போட்டு வதக்குங்கள். லிஃப்ட் பழுதாகிற நாள்கள் உங்கள் மாடியில் உண்டு என்பதால் முட்டை, பருப்பு, பால் மாவு, சார்டின் நான்கும் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருப்பது நல்லது. சுமந்து ஏற வேண்டாம், கீழ் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பணம். மைகாட் அடையாள அட்டையில் சாரா உதவி (அத்தியாவசியப் பொருள் வாங்க அரசு தருவது) வந்தால் அதைப் பிஸ்கட்டிலும் மூன்று-இன்-ஒன் காப்பியிலும் கரைத்துவிடாதீர்கள், முட்டையும் டின் மீனும் அந்தப் பட்டியலில் உண்டு. போதிய வருமானமும் பார்க்க ஆளும் இல்லாத மூத்தவர்களுக்குச் சமூக நல இலாகா மாத உதவி தருகிறது, 2025இலிருந்து அது 600 வெள்ளி. விசாரணை நடக்கும், பிள்ளைகளின் நிலையையும் கேட்பார்கள், உங்களுக்குக் கிடைக்குமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் விண்ணப்பிக்காமல் யாருக்கும் கிடைக்காது. அந்த இலாகாவின் பார்வையிலேயே பாவே எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் பல இடங்களில் நடக்கின்றன. உடற்பயிற்சி, பேச்சுத் துணை, சில நாள்களில் சேர்ந்து சாப்பிடுவது. கோயிலில் அன்னதானம் நடக்கும் நாளில் தயங்காமல் போய் உட்காருங்கள். நாலு பேரோடு உட்காரும்போது மனிதர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள், அது மருந்துக் கடையில் விற்காத பசி மருந்து.

பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசும்போது "நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் கேட்க வேண்டிய செய்தி இது. இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் இல்லை என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் ஒரு பொழுதுதான். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். 66 வயது, சர்க்கரை மாத்திரை உண்டு. விடலாமா?

பதில்: விடச் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் விரதம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், நோன்பு மாதத்தில் முஸ்லிம் நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்துப் பழகிய டாக்டர்கள் நம் நாட்டில் நிறைய, உங்களுக்கும் செய்வார்கள். நாற்பத்தெட்டு நாளும் மீன், முட்டை இல்லாதபோது அந்த இடத்தைச் சோறும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொள்ளும், பருப்பு, கடலை, தயிர், தெம்பே பிடிக்கட்டும். விரலில் குத்திப் பார்க்கும்போது 4.0 மில்லிமோலுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். முருகன் கோபிக்க மாட்டான்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஒரு கேப்சூலில் மூன்றே நாளில் வலி போய்விட்டது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. மூலிகைதானே?

பதில்: எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று நாளில் முட்டி வலியை அழிக்கும் "மூலிகை"யில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது இரண்டும் அதற்கே பொருந்துகின்றன. எலும்பையும் அரித்துவிடும். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், உடம்பு தானே ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருந்தால் திடீரென்று நிறுத்துவது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். நாளைக்கே, டப்பாவோடு, டாக்டரிடம். இனிமேல் எது வாங்கினாலும் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒட்டிய ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பெலிம்பிங் பழமோ (நட்சத்திரப் பழம்) அதன் சாறோ தொடவே கூடாது. சர்க்கரைக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாராவது பிழிந்து கொடுப்பார்கள். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத நஞ்சு அதில் இருக்கிறது, நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது.

கேள்வி: 74 வயதில் அம்மா லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு உடைந்தது. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது. வெயில் கொட்டும் ஊரில் டி வைட்டமின் குறைவு என்கிறார் டாக்டர். நம்பலாமா?

பதில்: நம்புங்கள். வெயில் ஊரில் இருக்கிறது, அம்மா வீட்டுக்குள் இருக்கிறார். நம் நாட்டுப் பெண்களிடம் டி வைட்டமின் குறைவு பரவலாகவே காணப்படுகிறது, நிறம் கூடக்கூடத் தோல் அதைத் தயாரிப்பதும் மெதுவாகிறது, வயதானால் இன்னும் மெதுவாகிறது. 65 வயதுக்கு மேல் நாளுக்கு 800 யூனிட் தேவை, சாப்பாட்டில் மட்டும் அது வராது, டாக்டர் மாத்திரை எழுதினால் வாங்கிக் கொடுங்கள். லேசாக விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் கேட்க வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்து அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது என்று இருக்காதீர்கள், அடுத்தது இடுப்பாக இருக்கலாம். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பிலும் தெரியாமல் முறிவு இருக்கக்கூடும்.

பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, கூழோ தோசையோ செய்யலாம். நெத்திலியை ஊற வைத்து உப்பைக் கழுவிவிட்டு முள்ளோடு. சுண்ணாம்பு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாகப் போடக்கூடாது, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போடும்போது தேநீர் வேண்டாம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத செருப்பு, இரவில் ஒரு விளக்கு. நாற்காலியில் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை, பிடித்துக்கொண்டுதான். எலும்பைச் சுற்றித் தசை இல்லாமல் சுண்ணாம்பு மட்டும் அவரைத் தாங்காது.

கேள்வி: தண்ணீர் குடித்தால் அடிக்கடி கழிவறை ஓட வேண்டியிருக்கிறது, அதனால் குறைத்துக்கொண்டேன். தவறா? (வயது 72, கெப்போங்)

பதில்: தவறுதான்மா. வயதாகும்போது தாகம் தெரிவதே குறைகிறது, தெரியவில்லை என்பதால் உடம்புக்கு வேண்டாம் என்று ஆகாது. குறைத்தால் மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று. நாளுக்கு ஆறு முதல் எட்டு கிளாஸ், பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், இரவில் எழுவது குறையும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். இருமினாலும் சிரித்தாலும் கசிகிறது என்பதால் குறைத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இடுப்பு அடித்தசைக்குப் பயிற்சி உண்டு, நன்றாகவே குறையும். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று: நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா ஒரே நாளில் ஆளை அடையாளம் தெரியாமல் குழம்பினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ நீர் வற்றியதோ சர்க்கரை இறங்கியதோ எதுவாகவும் இருக்கலாம். விரலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அவர் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.